தடுமாறுவது யார் தவறு?

கடந்த கல்வியாண்டில் ஒரு மாலை. எங்கள் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் அவளுடைய அம்மாவும் என் அருகில் அமர்ந்திருந்தார்கள். ஓர் உதவித்தொகைக்கான இணைய விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். மறுநாள் கடைசி நாள். நூறு நாள் வேலைக்குப் போகாமல் அந்த அம்மா வந்திருந்தார்.

முதல் பக்கத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். ஒன்று பெயர், மற்றொன்று குடும்பப் பெயர். நம் பிள்ளைகளுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைத் தட்டினோம். குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும் என்றது. அப்பாவின் பெயரைத் தட்டினோம், ஏற்றுக்கொண்டது. இரண்டாம் பக்கத்தில் புகைப்படம். மூன்று முறை பதிவேற்றியும் ‘கோப்பு ஏற்கத்தக்கதல்ல’ என்ற ஒரே பதில். ஏன் என்று சொல்லவில்லை. பக்கத்தின் அடியில், வெளிர்சாம்பல் நிறத்தில், புகைப்படத்தின் அளவு பற்றிய ஒரு வரி இருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். அடுத்து வங்கிக் கணக்கு விவரம். அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து பாஸ்புக்கைத் தேடி எடுத்து நீட்டினார். அதற்குள் திரையில் ‘நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்’ என்று வந்தது. நிரப்பிய அத்தனையும் போய்விட்டது.

“எனக்குப் படிப்பு இல்லீங்க டீச்சர். படிச்சிருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்” என்றார் அந்த அம்மா.

மறுநாள் காலை, இரண்டாவது முயற்சியில் விண்ணப்பத்தை முடித்துவிட்டோம். ஆனால் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. கணினி முன் உட்கார்ந்திருந்தது அவரல்ல, நான். பி.எட். முடித்து, பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நானும்தான் தடுமாறினேன். அப்படியென்றால் தவறு யாருடையது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் துறை ஒன்று பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது. இணையப் பக்கத்தின் இடைமுகத்தை, அதாவது நாம் பார்க்கும் திரை, தொடும் பொத்தான், நிரப்பும் கட்டம் ஆகியவற்றை, எப்படி அமைத்தால் மக்கள் தடுமாறாமல் பயன்படுத்துவார்கள் என்பதை அது ஆராய்கிறது. நாள்தோறும் இணையப் படிவங்களோடு பழகும் ஆசிரியர்களாகிய நமக்கு அதன் அடிப்படைகள் தெரிந்திருப்பது நல்லது.

எளிமை என்றால் என்ன?

திரையில் குறைவாக இருப்பதுதான் எளிமை என்று பலரும் நினைக்கிறோம். படங்களை நீக்கி, எழுத்துகளைக் குறைத்து, வெள்ளை இடத்தைக் கூட்டிவிட்டால் பக்கம் எளிமையாகிவிடுமா? எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாத வெறுமையான பக்கம், நெரிசலான பக்கத்தைவிடக் கடினமானது.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1998இல் வெளியிட்டு 2018இல் திருத்திய ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற தரநிலை இதற்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது. வந்தவர் வந்த வேலையை முடித்தாரா? அதை முடிக்க எவ்வளவு நேரமும் முயற்சியும் ஆனது? முடித்தபோது மனநிறைவு இருந்ததா? பயன், திறன், நிறைவு என்று இவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். இன்னொரு முக்கியமான நிபந்தனையும் அதில் உண்டு. யார், எந்த வேலைக்காக, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார் என்பதைக் குறிப்பிட்டுத்தான் இந்த மூன்றையும் அளக்க வேண்டும். அலுவலகக் கணினியில் எளிதாக இருக்கும் பக்கம், திரை விரிசல் விட்ட கைபேசியில், விட்டுவிட்டு வரும் சிக்னலில், சாலையோரம் நின்று நிரப்புபவருக்கு எளிதாக இருக்காது.

எங்கள் விண்ணப்பத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வேலை முதல் நாள் முடியவில்லை. சிறிது நேரத்தில் முடிய வேண்டியது இரண்டு நாள் இழுத்தது. நிறைவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு தாய் தன்னையே குறைத்துச் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்.

கதவு சொல்லும் பாடம்

சில கடைகளின் கண்ணாடிக் கதவில் இழுக்கும் கைப்பிடி இருக்கும். நாம் இழுப்போம், திறக்காது. பிறகுதான் ‘தள்ளு’ என்று ஒட்டியிருப்பது கண்ணில் படும். அருகில் இருப்பவரைப் பார்த்து அசடு வழியச் சிரிப்போம். அமெரிக்க உளவியல் அறிஞர் டான் நார்மன், 1988இல் வெளியான தமது நூலில் இத்தகைய கதவுகளைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று வடிவமைப்பாளர்கள் இவற்றை ‘நார்மன் கதவுகள்’ என்றே அழைக்கிறார்கள்.

நார்மன் சொல்வது எளிய செய்திதான். தள்ள வேண்டிய கதவில் தட்டையான தகடும், இழுக்க வேண்டிய கதவில் கைப்பிடியும் இருந்தால் எழுத்தே தேவையில்லை. கதவைத் திறக்க அறிவிப்பு ஒட்ட வேண்டியிருக்கிறது என்றால் கதவின் அமைப்பில் கோளாறு. பொருள்களைப் பயன்படுத்தத் தெரியாதபோது மக்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அந்த அம்மா செய்தது அதைத்தான்.

நமக்கு இது புதிதல்ல. ஒரு வினாவுக்கு வகுப்பில் ஒருவன் மட்டும் தவறாக விடை எழுதினால் அவன் படிக்கவில்லை என்கிறோம். நாற்பது பேரில் முப்பது பேர் ஒரே மாதிரி தவறாக எழுதினால், வினாத்தாளை எடுத்து வினாவைத்தான் மறுபடி படிக்கிறோம். இணையப் பக்கத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

நல்ல பக்கத்தின் ஆறு குணங்கள்

டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன், ரால்ஃப் மோலிச்சுடன் இணைந்து 1990இல் சில பொதுவிதிகளை உருவாக்கினார். அவற்றை 1994இல் பத்து விதிகளாகச் செப்பனிட்டார். இன்றும் உலகெங்கும் இடைமுகங்களைச் சோதிக்க இந்தப் பத்து விதிகள் பயன்படுகின்றன. அவற்றில் பள்ளி வேலைகளோடு நெருங்கிய ஆறினை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் திரை அசையாமல் இருந்தால் நாம் மறுபடி அழுத்துவோம், சில நேரம் ஒரே விண்ணப்பம் இரண்டு முறை பதிவாகிவிடும். ‘அனுப்பப்படுகிறது, காத்திருக்கவும்’ என்று ஒரு வரி வந்தால் போதும்.

இரண்டாவது, பயன்படுத்துபவரின் மொழியில் பேச வேண்டும். தமிழில் இருந்தாலே அது நம் மொழி ஆகிவிடாது. முகப்புப் பக்கத்தை ‘வீடு’ என்றும், சேமிப்பதைக் ‘காப்பாற்று’ என்றும் இயந்திரம் மொழிபெயர்த்து வைத்த பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழ் எழுத்துகளில் இருக்கிறது, ஆனால் தமிழருக்குப் புரியவில்லை.

மூன்றாவது, திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். தவறான பக்கத்துக்குள் நுழைந்தவர், நிரப்பியதை இழக்காமல் பின்னோக்கிச் செல்ல முடிய வேண்டும்.

நான்காவது, ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ‘சேமி’ பொத்தான் வலப்பக்கம் பச்சையாகவும், அடுத்த பக்கத்தில் அதே இடத்தில் ‘அழி’ பொத்தானும் இருந்தால் பழகிய விரல் தவறு செய்துவிடும்.

ஐந்தாவது, நினைவை நம்பி வேலை வைக்கக் கூடாது. முதல் பக்கத்தில் காட்டிய குறியீட்டு எண்ணை நான்காம் பக்கத்தில் நிரப்பச் சொல்வது நினைவாற்றல் தேர்வு. தேவையான விவரம் தேவைப்படும் இடத்திலேயே கண்ணில் பட வேண்டும்.

ஆறாவது, பிழைச் செய்தி உதவி செய்ய வேண்டும். ‘கோப்பு ஏற்கத்தக்கதல்ல’ என்பது தீர்ப்பு. ‘உங்கள் படம் 180 கேபி இருக்கிறது. 50 கேபிக்குள் சுருக்கிப் பதிவேற்றுங்கள்’ என்பது உதவி. விடைத்தாளில் வெறும் பெருக்கல் குறி போடுவதற்கும், எந்தப் படியில் தவறியது என்று எழுதிக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இன்னும் நல்ல பக்கம், பிழை நேரும் முன்பே தடுத்துவிடும். பதிவேற்றும் பொத்தானின் மேலேயே அளவைத் தெளிவாக எழுதியிருந்தால் நாங்கள் மூன்று முறை தோற்றிருக்க மாட்டோம்.

ஓர் அரசு செய்து காட்டியது

இதெல்லாம் சிறிய நிறுவனங்களுக்குச் சரி, ஆயிரம் விதிகள் உள்ள அரசுத் துறைகளுக்குச் சாத்தியமா என்று தோன்றலாம். பிரிட்டன் அரசு செய்து காட்டியிருக்கிறது. 2011இல் அங்கே அரசு மின்னணுச் சேவைப் பிரிவு தொடங்கப்பட்டது. 2012 அக்டோபரில் ‘கவ் டாட் யு.கே.’ என்ற ஒரே இணையதளம் செயல்பாட்டுக்கு வந்தது. அதுவரை தனித்தனித் தளங்களில் இயங்கிய அமைச்சகங்களும் துறைகளும் படிப்படியாக அதற்குள் வந்தன. 2013இல் அந்தத் தளம் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் ‘ஆண்டின் சிறந்த வடிவமைப்பு’ விருதைப் பெற்றது.

விருது பெற்ற தளம் என்று போய்ப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சுழலும் படங்கள் இல்லை, ஓடும் எழுத்துகள் இல்லை. பெரிய எழுத்து, வெள்ளைப் பின்னணி, நேரடியான சொற்கள். பொது விடுமுறைகளுக்கான பக்கத்தைத் திறந்தால், அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது மேலேயே பெரிய எழுத்தில் இருக்கும். முழுப் பட்டியல் அதற்குக் கீழேதான். வருபவர் முதலில் எதைக் கேட்பார் என்று யோசித்து அந்தப் பதிலை முன்னே வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிரிவு 2012இல் வெளியிட்ட வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது, பயனாளரின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. இன்னொன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒன்றை எளிதாக்குவதற்கான கடின உழைப்பை உருவாக்குபவரே ஏற்க வேண்டும் என்கிறது அது. சுமை எங்கும் மறைந்துவிடுவதில்லை. உருவாக்குபவர் சுமக்காத சுமையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் சுமக்கிறார்கள். ஒரு பொறியாளர் ஒரு நாள் கூடுதலாக உழைத்திருந்தால், ஆயிரக்கணக்கான பெற்றோர் ஒரு நாள் கூலியை இழக்காமல் இருந்திருப்பார்கள்.

இந்தக் கொள்கை நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி என்பதிலிருந்து படிவத்தைத் தொடங்குங்கள் என்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தை வாசித்துப் புரிந்துகொள்ளும் நடையில் எழுதச் சொல்கிறார்கள். பிறந்த தேதிக்கு நாள்காட்டியைத் திறந்து மாதம் மாதமாகப் பின்னோக்கி ஓட வைக்காமல், நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்கள் தருகிறார்கள். பெயருக்கு, முடிந்தவரை, முழுப் பெயரையும் எழுத ஒரே கட்டம் வைக்கப் பரிந்துரைக்கிறார்கள். உலகில் எல்லோருக்கும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற அமைப்பு கிடையாது என்பதால்தான் இந்தப் பரிந்துரை. இனிஷியலோடு வாழும் தமிழர்களின் சிக்கல் லண்டனில் எழுதிய விதியில் தீர்ந்திருக்கிறது. நம் ஊர் மாணவிக்கான படிவத்தில் தீரவில்லை.

எண்களில் சொன்ன விதிகள்

‘எளிமையாக இருக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். எனவே உலகளாவிய வலைச் சேர்த்தியம் என்ற அமைப்பு, அளந்து பார்க்கக்கூடிய விதிகளை வகுத்திருக்கிறது. இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் என்பது அதன் பெயர். முதல் பதிப்பு 1999இல் வந்தது. 2.0 பதிப்பு 2008இலும், 2.1 பதிப்பு 2018இலும், 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வந்தன. மாற்றுத்திறனாளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இவ்விதிகள் எல்லோருக்கும் பயன்படுகின்றன.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தென்றால் 3க்கு 1 போதும். வெள்ளைத் தாளில் வெளிர்சாம்பல் எழுத்து இந்தச் சோதனையில் தோற்கும். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் சிதையக் கூடாது. தொடும் பொத்தான் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும். நிறத்தால் மட்டுமே ஒன்றைக் குறிப்பிடக் கூடாது. ‘சிவப்புக் கட்டங்களை நிரப்புக’ என்பது நிறக்குருடு உள்ள மாணவனுக்கு ஒன்றும் சொல்லாது.

நேரக் கட்டுப்பாடு இருந்தால், அதை நிறுத்தவோ மாற்றவோ நீட்டிக்கவோ வசதி தர வேண்டும். நீட்டிக்கும் வசதி என்றால், நேரம் முடியும் முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும். எங்கள் திரையில் அந்த எச்சரிக்கை வந்திருந்தால், பாஸ்புக்கைத் தேடும் நேரம் ஒரு குற்றமாகியிருக்காது. 2.2 பதிப்பில் வந்த இன்னொரு விதி ஆசிரியர்கள் அனைவருக்கும் பிடிக்கும். ஒரே வேலையின் நடுவே ஏற்கெனவே கொடுத்த விவரத்தை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லக் கூடாது. அது தானாக நிரம்ப வேண்டும், அல்லது தேர்ந்தெடுக்கும்படி இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009 முதல் இருக்கின்றன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக அமைக்க வேண்டும் என்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பை முடிக்க முடியாமல் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது அத்தீர்ப்பு. கண் சிமிட்டச் சொல்லும் திரையின் முன், கண்ணிமையை இழந்தவர் என்ன செய்வார்? எளிய பக்கம் என்பது வசதியோடு நின்றுவிடுவதில்லை, உரிமையும்கூட என்பதை இந்த ஒரு கேள்வி புரிய வைத்துவிடும்.

ஐந்து பேர் போதும்

ஒரு பக்கம் எளிதாக இருக்கிறதா என்று கண்டறியப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. ஐந்து பேர் பயன்படுத்துவதைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். குறைகளைத் திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரிடம் சோதிப்பதுதான் சிறந்தது என்பது அவர் கருத்து.

நான் இதை முதலில் சோதித்துப் பார்த்தது என் படிவத்தில்தான். களப்பயணத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் பெற கூகுள் படிவம் ஒன்று தயாரித்திருந்தேன். மிக எளிமையானது என்று நம்பியிருந்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். எந்த உதவியும் செய்யாமல் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை. சொல்லிக்கொடுத்தே பழகிவிட்டோம் அல்லவா?

ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றார்கள். ‘மாணவர் எண்’ என்று கேட்டிருந்தேன். ஒருவர் ஆதார் எண்ணைத் தேடினார். ஒருவர் தம் கைபேசி எண்ணை எழுதினார். மற்றொருவர் என் முகத்தைப் பார்த்து, “தெரியலைங்க டீச்சர்” என்றார். அதே குரல், அதே தயக்கம். அன்று பாஸ்புக்கோடு வந்த அம்மாவுக்கு யாரோ செய்ததை, இன்று இவர்களுக்கு நான் செய்திருக்கிறேன். அந்த எண் என் பதிவேட்டிலேயே இருக்கிறது, கேட்டிருக்கவே வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை நீக்கினேன். பதினொரு கேள்விகள் ஐந்தாகச் சுருங்கின. இந்த முறை பெற்றோர் யாரும் என்னை அழைத்துச் சந்தேகம் கேட்கவில்லை.

மாணவர்களோடும் இதைச் செய்யலாம். ஒரு இணையதளத்தைக் கொடுத்து, ‘இதில் தொடர்பு எண்ணைக் கண்டுபிடி’ என்பது போன்ற ஒரு வேலையை ஒருவருக்குத் தாருங்கள். மற்றவர்கள் அவர் எங்கே நின்றார், எதைத் தவறாகத் தொட்டார் என்று குறிப்பெடுக்கட்டும். பிறகு அந்தப் பக்கத்தை எப்படி மாற்றலாம் என்று தாளில் பென்சிலால் வரையட்டும். மொழி, கணிதம், ஓவியம், பிறர் நிலையில் நின்று பார்க்கும் குணம் எல்லாம் ஒரே பாடவேளையில் வந்துவிடும். நாளை இணையதளங்களை உருவாக்கப்போகிறவர்கள் இவர்கள்தானே?

அடுத்த முறை சுற்றறிக்கையோ படிவமோ வினாத்தாளோ தயாரிக்கும்போது, அனுப்பும் முன் ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். யாராவது தடுமாறினால் அவருக்கு விளக்கம் சொல்வதற்கு முன், அவர் எந்த வரியில் நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கத்தின் முன் ஒரு பெற்றோர் ‘எனக்குப் படிப்பு இல்லை’ என்று சொன்னால், “உங்கள் மீது தவறில்லை அம்மா, இந்தப் பக்கம் சரியாக அமைக்கப்படவில்லை” என்று சொல்லிவிடுங்கள். முதல் நாளே அதைச் சொல்லாமல் விட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.